இருட்டில் கை தேடிய குமிழ்

எங்கள் பழைய காரில் ஏசிக்கு மூன்று குமிழ்கள். இடது ஓரத்தில் சூடு-குளிர், நடுவில் விசிறி வேகம், வலது ஓரத்தில் காற்று எந்தப் பக்கம் வர வேண்டும் என்பது. அந்த மூன்றாவதை வலப்பக்கமாகக் கடைசிவரை திருகினால் காற்று முழுக்க முன்கண்ணாடிக்குப் போய்விடும். பதினோரு வருஷம் அந்த வண்டியை ஓட்டினேன். குமிழ்களைச் சுற்றி என்னென்ன படம் போட்டிருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் நடுக்குமிழின் விளிம்பில் இருந்த சின்ன வெட்டு என் விரலுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

புதுக் காரில் அந்த இடம் வழவழவென்று இருந்தது. மூன்று குமிழும் போய் டேப்லெட் அளவுக்கு ஒரு திரை வந்துவிட்டது. வாங்கும்போது எங்களை மயக்கியதே அந்தத் திரைதான், அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். விற்பனையாளர் விரலால் தள்ளித் தள்ளிக் காட்ட, நானும் மனைவியும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்போது வண்டி நின்றுகொண்டிருந்தது. எங்களுக்கு அது உறைக்கவில்லை.

முதல் மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு மழை இரவு. வண்டிக்குள் நான்கு பேர், நனைந்த உடைகள், மூடிய ஜன்னல்கள். முன்கண்ணாடியில் கீழிருந்து மேலாக ஆவி படர ஆரம்பித்தது. என் இடது கை தன்னாலே பழைய மூன்றாவது குமிழைத் தேடிப் போய்க் கண்ணாடித் திரையில் முட்டியது. திரையில் அப்போது வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. ஏசி பக்கத்துக்குப் போக அடியில் இருக்கும் சின்ன விசிறிப் படத்தைத் தொட வேண்டும். தொடப் போகும் நேரத்தில் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியது, விரல் அரை அங்குலம் தள்ளி விழுந்தது, பாட்டுப் பட்டியல் திறந்துகொண்டது. திரும்பிப் போக ஒரு தொடல். மறுபடி விசிறி. ஏசி பக்கம் வந்தது, அதில் ஒன்பது படங்கள்.

“ரோட்டைப் பாருங்க, நான் அழுத்துறேன்” என்றாள் மனைவி. “எந்தப் படம்?”

“கண்ணாடி மாதிரி இருக்கும், அடியில நெளிநெளியா கோடு.”

அப்படி இரண்டு படங்கள் இருந்தன. வளைந்திருப்பது முன்கண்ணாடிக்கு, செவ்வகமாக இருப்பது பின்கண்ணாடிக்கு. அவள் செவ்வகத்தை அழுத்தினாள். பின்கண்ணாடி பளிச்சென்று தெளிய ஆரம்பித்தது. முன்னால் ஒன்றும் தெரியவில்லை. அபாய விளக்கைப் போட்டு ஓரமாக நிறுத்தினேன். அந்த ஒரு பட்டனை மட்டும் திரைக்குள் போடாமல் சிவப்பு முக்கோணமாக வெளியே விட்டிருந்தார்கள். புண்ணியம்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடும். மூன்று வினாடி திரையைப் பார்த்தால் 50 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததாக அர்த்தம். அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்புத் துறை 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு பார்வை 2 வினாடிக்கு மேல் சாலையை விட்டு விலகக் கூடாது, ஒரு வேலையை முடிக்க ஆகும் பார்வை நேரமெல்லாம் சேர்த்து 12 வினாடிக்குள் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அது கட்டாயச் சட்டம் இல்லை, பரிந்துரைதான். அன்று இரவு எனக்கு எத்தனை வினாடி ஆனது என்று எண்ணவில்லை. எண்ணாமல் இருந்ததே நல்லது.

ஸ்வீடனில் ‘வீ பிலேகரே’ என்ற கார் பத்திரிகை 2022இல் இதை எண்ணியே பார்த்தது. பதினொரு புதுக் கார்கள், கூடவே 2005ஆம் வருஷத்து வால்வோ வி70 ஒன்று. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே ஏசி, ரேடியோ, திரை வெளிச்சம் போன்ற நாலு சாதாரண வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். பதினேழு வருஷப் பழைய வால்வோவில் 10 வினாடியில், 306 மீட்டருக்குள் எல்லாம் முடிந்தது. கடைசியாக வந்த புதுக் காரில் ஏறக்குறைய 45 வினாடி, 1,372 மீட்டர். ஓட்டுநர்களுக்கு அந்தந்தக் காரைப் பழகிக்கொள்ள முன்கூட்டியே நேரம் கொடுத்துதான் சோதித்தார்கள். ஆக, ‘பழகினால் சரியாகிவிடும்’ என்ற சமாதானம் பாதிதான் உண்மை.

ஏன் பாதி என்பது அடுத்த சில வாரங்களில் எனக்கே புரிந்தது. குமிழை நாம் இரண்டு படியாகக் கையாளுகிறோம். முதலில் விரல் தடவித் தேடுகிறது. ‘இதுதான்’ என்று உறுதியான பிறகு திருப்புகிறது. தேடும்போது நாலு பட்டனைத் தடவினாலும் ஒன்றும் ஆகாது. தொடுதிரையில் இந்த இரண்டு படியும் ஒன்றாகிவிட்டன. தடவுவதே அழுத்துவது. அதனால் விரல் தேடக் கூடாது, கண்தான் தேட வேண்டும். எவ்வளவு பழகினாலும் கடைசி நொடியில் விரலைக் கொண்டுபோய் இறக்கக் கண் வந்தே ஆக வேண்டும். கீபோர்டில் எஃப், ஜே எழுத்துகளின் மேல் இருக்கும் சின்ன மேடும், எண் பலகையில் 5இன் மேல் இருக்கும் புள்ளியும் எதற்கு? கண்ணுக்கு விடுதலை கொடுக்கத்தான்.

சில கார்களில் திரையைத் தொட்டால் லேசாக அதிரும், பட்டன் மாதிரியே இருக்கும் என்கிறார்கள். ஓட்டிப் பார்த்தேன். அதிர்வு, அழுத்திய பிறகு வரும் செய்தி. எனக்கு வேண்டியது அழுத்துவதற்கு முன்னால் வரும் செய்தி.

திரை காருக்குள் வந்தது நேற்று இன்று இல்லை. 1986இலேயே ப்யூக் ரிவியேரா காரில் பழைய டிவி மாதிரியான குழாய்த் திரை ஒன்றைத் தொடுதிரையாக வைத்திருந்தார்கள். ஏசி, ரேடியோ எல்லாம் அதற்குள். சில வருஷங்களில் எடுத்தும்விட்டார்கள். அப்போது போன திரை இப்போது இவ்வளவு பலமாகத் திரும்பி வந்ததற்கு ஃபேஷன் மட்டும் காரணம் இல்லை. ஒவ்வொரு பட்டனுக்கும் அச்சு வேண்டும், ஒயர் வேண்டும், பொருத்த ஆள் வேண்டும். திரையில் ஒரு பட்டனைக் கூட்டுவதற்கு மென்பொருளில் ஒரு மாற்றம் போதும், அதுவும் கார் விற்ற பிறகுகூட. போதாக்குறைக்கு அமெரிக்காவில் 2018 மே முதல் புதுக் கார்களுக்குப் பின்பக்கக் கேமரா கட்டாயமானது. கேமரா என்றால் அதைக் காட்ட ஒரு திரை வேண்டும். எப்படியும் திரை இருக்கப்போகிறது, மற்றதையும் அதிலேயே போட்டுவிடலாமே என்ற கணக்கு யாருக்கும் வரும்.

அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் தப்பலாம் என்பதற்குக் கார் உதாரணம்கூடத் தேவையில்லை. 2017 ஆகஸ்ட் 21 அதிகாலை, சிங்கப்பூர் நீரிணை அருகே ‘ஜான் எஸ். மெக்கெய்ன்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ‘ஆல்னிக் எம்சி’ என்ற எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். கப்பலின் கட்டுப்பாட்டை ஒரு திரையிலிருந்து இன்னொரு திரைக்கு மாற்றும்போது குழப்பம். சேர்ந்து இயங்க வேண்டிய இரண்டு உந்துவிசைகளும் பிரிந்துபோய், ஒன்று மட்டும் வேகம் குறைய, கப்பல் ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது. பயிற்சிக் குறைவும் ஒரு காரணம். ஆனால் கைப்பிடி நெம்புகோல்களாக இருந்திருந்தால் ஒன்று கீழே, ஒன்று மேலே நிற்பது ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். 2019இல் அந்தக் கடற்படையே தொடுதிரையை விட்டுவிட்டுப் பழையபடி நெம்புகோலுக்குத் திரும்பப்போவதாக அறிவித்தது.

கார் உலகமும் மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கிறது. கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் வழங்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப், 2026இலிருந்து இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர உதவி அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையில் தட்டுப்படும் தனிப் பட்டனோ தண்டோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று சொல்லிவிட்டது. கண்ணாடி ஆவி நீக்கி அந்தப் பட்டியலில் இல்லை. என்னைக் கேட்டிருந்தால் சேர்த்திருப்பேன்! வைப்பர் அதில் இருப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஜெர்மனியில் ஒருவர் வைப்பர் வேகத்தைத் திரையில் மாற்றப் போய்ச் சாலையை விட்டு இறங்கி மரங்களில் மோதினார். 200 யூரோ அபராதமும் ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடையும் விதிக்கப்பட்டதை 2020இல் கார்ல்ஸ்ரூஹ உயர் நீதிமன்றம் சரி என்றது. காரோடு பிறந்த திரையாகவே இருந்தாலும், ஓட்டும்போது அதை நோண்டினால் போனை நோண்டிய மாதிரிதானாம்.

சரி, வீட்டுக்கு வருவோம். வீட்டில் உயிர் போகாது, மானம்தான் போகும்.

புது இண்டக்ஷன் அடுப்பின் மேல்தளம் முழுக்க ஒரே கண்ணாடி, பட்டன்களும் அதே கண்ணாடியில். ஒரு நாள் பால் பொங்கி வழிந்து பட்டன்கள் இருந்த மூலைக்கு ஓடியது. அணைக்கலாம் என்று விரலை வைத்தால் அடுப்பு பீப் பீப் என்று கத்துகிறது, அணையவில்லை. துணியால் துடைக்கத் துடைக்க எண்கள் 6, 8, 9 என்று ஏறுகின்றன. அம்மா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: “என்னடா இது, விரலை வெச்சா கேக்க மாட்டேங்குது, துணி பட்டா கேக்குது!”

அம்மா சொன்னதுதான் அந்தத் தொழில்நுட்பத்தின் சுருக்கம். கண்ணாடிக்கு அடியில் மெல்லிய மின்கடத்தி ஒன்று இருக்கிறது. விரல் கிட்டே வந்தால் அங்கே தேங்கும் மின்னூட்டம் சற்று மாறும். அந்த மாற்றத்தைத்தான் கருவி ‘தொட்டார்கள்’ என்று எடுத்துக்கொள்கிறது. விரலில் இருப்பதும் பெரும்பாலும் உப்புநீர்தான், வழிந்த பாலும் கிட்டத்தட்ட அதேதான். ஈரத்துணியும் விரலும் அதற்கு ஒன்று. அதே சமயம் வருஷக்கணக்காக வேலை செய்து காய்த்துப்போன, வறண்ட விரல் நுனி அதற்குச் சரியாகத் தெரிவதில்லை. அம்மா விரலை லேசாக ஈரமாக்கிக்கொண்டு தொட்டால் உடனே கேட்கிறது. ஈரம் விரலில் இருக்க வேண்டும், கண்ணாடியில் இருக்கக் கூடாது. இதை ஒருவருக்கு விளக்கிப் பாருங்கள்.

அன்று நான் தெரிந்துகொண்டது: பட்டனோடு மல்லுக்கட்ட வேண்டாம், பாத்திரத்தைத் தூக்கிவிட்டால் போதும். இண்டக்ஷனில் சூடாவது பாத்திரத்தின் அடிப்பாகம்தான். பாத்திரம் இல்லை என்றால் சூடேற்ற அதற்கு ஒன்றும் இல்லை, கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும். அதற்கப்புறம் துடைத்துக்கொள்ளலாம். துடைப்பதற்கு முன் சைல்ட் லாக்கைப் போட்டுக்கொள்வதும் எங்கள் வீட்டில் பழக்கமாகிவிட்டது. பெயர்தான் சைல்ட் லாக், எங்கள் வீட்டில் அது துணிக்கான பூட்டு.

வாஷிங் மெஷின் கதை வேறு. அம்மாவுக்குப் பார்வை மங்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. பழைய மெஷினில் குமிழை அணைந்த நிலையிலிருந்து மூன்று கடக்குத் திருப்புவாள், அதுதான் அவளுக்கு ‘சாதாரணத் துணி’. ஐந்து கடக்கு என்றால் ‘சீக்கிரம்’. கண்ணே வேண்டாம். புதிது வந்தது, மேலே கண்ணாடிப் பட்டை, தொட்டால் வெளிச்சம். எதைத் தொடுகிறோம் என்று தெரியாமல் தடவியதில் ஒவ்வொரு தடவலுக்கும் ஏதோ ஒன்று மாறியது. இரண்டு நாளில் அவள் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். அறுபது வருஷமாகத் தன் துணியைத் தானே துவைத்தவள், ஒரு பட்டைக் கண்ணாடிக்காக என்னைக் கூப்பிட வேண்டியிருந்தது.

ஒட்டுப் புள்ளி வைத்தால் சரியாகும் என்று பசைத்துளி ஒன்றைப் பட்டன் மேலேயே வைத்துப் பார்த்தேன். தப்பு. புள்ளி தடிமனாக இருந்ததால் விரல் கண்ணாடிக்கு எட்டவில்லை, பட்டன் வேலை செய்யவே இல்லை. சுரண்டி எடுத்துவிட்டு, டச் பகுதிக்கு வெளியே பிளாஸ்டிக் விளிம்பில், பட்டனுக்கு நேர் கீழே வைத்தேன். அம்மா விளிம்பைத் தடவிப் புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து விரலை நேராக மேலே நகர்த்தித் தொடுவாள். தேடுவதையும் அழுத்துவதையும் மறுபடி பிரித்துவிட்டோம். ஆன் பட்டனுக்கு ஒரு புள்ளி, ஆரம்பிக்கும் பட்டனுக்கு இரண்டு. இடையில் இருக்கும் மற்றவற்றை அவள் தொடுவதில்லை. கடைசியாக ஓடிய திட்டத்தை மெஷினே ஞாபகம் வைத்திருக்கிறது, அதுவே போதும் என்கிறாள்.

குமிழ் என்றாலே நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடவும் கூடாது. கடைகளில் இப்போது ஒரு போலிக் குமிழ் வந்திருக்கிறது. பார்க்கக் குமிழ்தான், கடக் கடக் என்று சத்தமும் வரும், ஆனால் ஆரம்பமும் இல்லை முடிவும் இல்லை, எத்தனை சுற்றும் சுற்றலாம். எதில் நிற்கிறது என்பதைப் பக்கத்தில் எரியும் விளக்குதான் சொல்லும். அம்மா மாதிரி எண்ணித் திருப்புகிறவர்களுக்கு அதனால் பாதிப் பயன்தான். ஆன் செய்ததும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலிருந்து ஆரம்பிக்கும் மெஷின் என்றால் பரவாயில்லை. வாங்கும்போது குமிழில் ஒரு முனையோ பள்ளமோ இருக்கிறதா, ஓரிடத்தில் முட்டி நிற்கிறதா என்று திருகிப் பாருங்கள்.

குமிழுக்கும் குற்றப் பட்டியல் உண்டு. 2024இல் அமெரிக்காவில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட மின் அடுப்புகளைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது: முன்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த குமிழ் ஆள் இடித்தாலோ வளர்ப்புப் பிராணி உரசினாலோ தானே திரும்பிவிடுகிறது, தீ விபத்துகளும் நடந்தன. குமிழைச் சுற்றி அழுக்கு சேரும். எங்கள் பழைய அடுப்பில் குமிழின் உள்தண்டு உடைந்து ஆறு மாதம் குறடு வைத்துத் திருகிக்கொண்டிருந்தோம். மைக்ரோவேவில் ‘ஸ்டார்ட்’ பட்டனின் மேலுறை மட்டும் கிழிந்தது, தினமும் அதைத்தானே குத்துகிறோம். ஆனால் குமிழ் உடைந்தால் குமிழை மாற்றலாம். டச் பட்டையில் ஒரு மூலை செத்தபோது, பட்டையோடு சேர்த்து அடியில் இருக்கும் போர்டையும் மாற்ற வேண்டும் என்றார் பழுது பார்க்க வந்தவர்.

இத்தனைக்கும் பிறகு நான் தொடுதிரைக்கு எதிரி இல்லை. வரைபடத்தை விரலால் விரித்துப் பார்க்கும் சுகம் எந்தக் குமிழிலும் வராது. நிறுத்தி வைத்துச் செய்யும் வேலை, மாதத்துக்கு ஒருமுறை செய்யும் வேலை, நீளமான பட்டியலில் தேடும் வேலை, இதெல்லாம் திரைக்கு. அவசரத்தில், ஈரக் கையோடு, இருட்டில், கண் வேறெங்கோ இருக்கும்போது செய்யும் வேலைதான் பட்டனுக்கு.

கார் பார்க்கப் போனால் நான் இப்போது முதலில் செய்வது இது. வண்டியை நிறுத்தியபடியே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து எல்லாம் எங்கே இருக்கிறது என்று ஐந்து நிமிஷம் பழகிக்கொள்வேன். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தைக் குறை, விசிறியைக் கூட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பு, அபாய விளக்கைப் போடு என்று எனக்கு நானே சொல்லிச் செய்து பார்ப்பேன். விற்பனையாளர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும். முடிந்தால் இருட்டிய பிறகு ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. பட்டன் இருந்தும் அதில் விளக்கு இல்லாத கார்கள் உண்டு. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபின் எட்டாம் தலைமுறையில் தடவிக் கூட்டும் சத்தம்-வெப்பப் பட்டை இருட்டில் தெரியாமல் இருந்தது ஊரறிந்த குறை, பின்னால் விளக்கு வைத்தார்கள்.

ஏற்கெனவே திரைக் காரில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் வழி இருக்கிறது. ஸ்டியரிங்கில் உள்ள பட்டன்களில் ஒன்றிரண்டை நம் விருப்பத்துக்கு மாற்றும் வசதி பல கார்களில் உண்டு, கையேட்டில் எங்கோ ஒளிந்திருக்கும். என் காரில் அது ‘நட்சத்திர’ பட்டன். இரண்டு வருஷம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன், இப்போது அது நேராக ஏசி பக்கத்தைத் திறக்கிறது. குரலில் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்ததும் உண்டு. வெயில் காலத்தில் நன்றாகக் கேட்டது. மழைச் சத்தத்தில், எப்போது தேவையோ அப்போது, ‘புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்’ என்றது.

வானம் கறுத்திருந்தால் கிளம்பும் முன்னாலேயே காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி ஏசியை ‘ஆட்டோ’வில் விட்டுவிடுகிறேன். திரையில் அந்த இரண்டு படங்களையும் மனைவிக்கு எத்தனையோ முறை காட்டியாகிவிட்டது. போன வாரம் மழையில் கேட்டபோதும் முதலில் பின்கண்ணாடிதான் தெளிந்தது.